பந்தின் வேகம் எங்கே இருக்கிறது?

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் இருக்கிறது தவளக்குப்பம். விடுமுறை நாளில் அங்கே காலி மனைகளைப் பாருங்கள். டென்னிஸ் பந்தும் கையுமாகப் பையன்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். எல்லோருக்கும் ஒரே ஆசை. வேகமாகப் பந்து வீச வேண்டும்!

ஆசை தப்பில்லை. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனும் டென்னிஸ் பந்தில் வீசிப் பழகியவர்தான். 2020 டிசம்பரில் அவர் இந்திய அணிக்காக ஆடினார். புதுச்சேரிக்கும் 2018 முதல் ரஞ்சிக் கோப்பையில் சொந்த அணி உண்டு.

ஆனால் பையன்கள் பழகும் முறைதான் சரியில்லை. கையை வேகமாகச் சுழற்றினால் போதும் என்று நினைக்கிறார்கள். கை கடைசியில் வருவது. வேகம் பிறப்பது காலில்!

ஓடுகிற பஸ் திடீரென்று பிரேக் போட்டால், நிற்கிறவர் என்ன ஆகிறார்? கால் நிற்கிறது. உடம்பு முன்னால் பாய்கிறது. பந்து வீச்சும் அப்படித்தான். ஓடி வந்தவன் முன்காலை ஊன்றுகிறான். அந்தக் கால் மடங்காமல் நின்றால் முதலில் இடுப்பு திரும்பும். பிறகு மார்பு, தோள், கை, விரல். சாட்டையின் நுனி போலப் பந்து பறக்கும். முழங்கால் மடங்கினால் வேகம் அங்கேயே செத்துவிடும்.

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஒரு ஆட்டம். எறிபவர் ஓடி வருவதில்லை. மேட்டில் நின்று, ஒரு காலைத் தூக்கி, எட்டி வைத்து எறிவார். 2008-ல் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு வாலிபர்கள் ஒரு போட்டிக்குப் போனார்கள். இருவரும் ஈட்டி எறிகிறவர்கள். பேஸ்பால் ஆடியதே இல்லை. ரிங்கு எறிந்த பந்தின் வேகம் மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர்! அந்த ஆண்டே பிட்ஸ்பர்க் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. ஈட்டி எறியும்போது முன்காலை ஊன்றிப் பழகிய உடம்புதான் அவர்களுக்குக் கைகொடுத்தது என்பது என் எண்ணம்.

பெற்றோர்களே, வேகத்துக்கு விலையும் உண்டு. ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி பெரிய வேகப்பந்து வீரர். 1973-ல் அவருடைய முதுகெலும்பில் விரிசல் கண்டது. அவர்தான் 1987-ல் சென்னை எம்.ஆர்.எஃப். பயிற்சிக் கூடத்துக்கு வந்து, 25 ஆண்டுகள் நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். (வேகப்பந்து பழக வந்த சிறுவன் டெண்டுல்கரை, பேட்டைப் பிடிக்கச் சொல்லி அனுப்பியவரும் அவர்தான்!)

அமெரிக்காவில் 11, 12 வயதுப் பிள்ளை ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் எறியக்கூடாது என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். இங்கே யார் எண்ணுகிறார்கள்? காலையில் தொடங்கினால் இருட்டும் வரை வீச்சுதான். வளரும் எலும்பு தாங்குமா? எறிவதைக் குறைத்து, தோப்புக்கரணம் போடச் சொல்லுங்கள். தொடையும் இடுப்பும் வலுப்படும்.

பையன் முதுகு வலிக்கிறது என்றால், தைலம் தேய்த்து மறுநாளே ஆட அனுப்பாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு மாதம் வீசக்கூடாது என்று அவர் சொன்னால், பந்தை எடுத்துப் பரண் மேல் போடுங்கள்.