நமக்கும் ஒரு செசில் ஷார்ப்?

சென்ற இதழில் நண்பர் எழுதியிருந்த கட்டுரை ஒரு விஷயத்தில் சரி. ஜவ்வாது மலையில் பாட்டு குறைந்துகொண்டு வருகிறது. அதற்கு மேல் அவர் சொன்ன எதையும் என்னால் ஏற்க முடியவில்லை. முக்கியமாக, செசில் ஷார்ப் இங்கிலாந்தில் செய்ததை நாமும் இங்கே செய்ய வேண்டும், அதற்கு ஒரு ஸ்தாபனம் வேண்டும் என்கிற அவருடைய முடிவை.

ஷார்ப் செய்தது என்ன? 1903இல் சாமர்செட்டில் ஹாம்பிரிட்ஜ் கிராமத்துப் பாதிரியார் வீட்டில் தங்கியிருந்தபோது, தோட்டக்காரர் ஜான் இங்லண்ட் புல் வெட்டிக்கொண்டே பாடியதைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அன்று மாலையே அதற்குப் பியானோ பக்கவாத்தியம் அமைத்து ஒரு பாடகியைப் பாட வைத்தார். பாட்டு முதல் தடவையாக விருந்துடை உடுத்திக்கொண்டது என்று கேட்டவர்களில் ஒருவர் சொன்னாராம். பாராட்டாகத்தான் சொல்லியிருக்கிறார். காலையில் புல்வெளியில் இருந்தது, விளக்கு வைப்பதற்குள் பியானோவுக்கு வந்துவிட்டது. 1911இல் நடனத்துக்குச் சங்கம், அவர் இறந்த பின் 1930இல் லண்டனில் அவர் பெயரில் மாளிகை. தோட்டக்காரர் பெயர் மாளிகைக்கு வரவில்லை.

ஷார்ப்பைத் திட்டுவது சுலபம். அவரும் பாதிரியார் மார்சனும் அச்சில் கொண்டுவந்தபோது காமம் தொனிக்கும் வரிகளைக் கழுவித் துடைத்தார்கள். ஆனால் தம் நோட்டுப் புத்தகங்களில் ஷார்ப் கேட்டதைக் கேட்டபடியே எழுதி வைத்தார். ஏறத்தாழ 5000 மெட்டுகள். கழுவப்பட்டது எது என்று இன்று நமக்குத் தெரிவதே அதனால்தான். நம்மவர்களிடம் விருந்துடை உண்டு, நோட்டுப் புத்தகம் இல்லை. மலை மக்கள் பாட்டு என்று நாம் அச்சிட்டது பெரும்பாலும் சொற்களை மட்டும். மெட்டைச் சொல்லும் ஒரு அடையாளம்கூட இல்லாமல், யாப்புத் தவறிய கவிதைகளைப் போல அவை பக்கத்தில் கிடக்கின்றன.

மலை மேல் ஒரு விழா மேடையில் நான் பார்த்தது இது. எட்டு ஆண்கள், இறகுக் கிரீடம், இடுப்பில் பிளாஸ்டிக் இலை. இந்த மலையாளிகள் தமிழ் பேசுகிறவர்கள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள். இறகுக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று ஏற்பாடு செய்தவர்களைக் கேட்டேன். பதில் வரவில்லை. பதிவு செய்த மேளத்துக்கு மூன்று நிமிஷம் ஆடினார்கள். பிரமுகர்கள் கை தட்டினார்கள். பிறகு ஆடியவர்களில் ஒருவரிடம் இது உங்கள் ஆட்டமா என்றேன். "எங்க ஆட்டம் சூடு புடிக்கவே பாதி ராத்திரி ஆவும் சார். அதுவரைக்கும் இவங்க உக்காந்திருப்பாங்களா?" என்றார். நண்பரின் ஸ்தாபனம் இந்தக் கேள்விக்கு என்ன செய்யும்? பாதி ராத்திரியை மூன்று நிமிஷமாக்க ஒரு கமிட்டி போடும்.

நண்பர் மலைபடுகடாமை வேறு சாட்சிக்கு இழுக்கிறார். நன்னனின் செங்கம் இந்த மலைக்குக் கீழேதான், வாஸ்தவம். ஆனால் அந்தப் பாட்டில் மலையின் ஓசைகளை அடுக்கும் பகுதியை அவர் திரும்பப் படிக்க வேண்டும். தினை குற்றும் பெண்களின் வள்ளைப்பாட்டு வருகிறது, பன்றியை விரட்டும் பறை வருகிறது. இவை இரண்டும் தனியாக ஒரு கலையாக வரவில்லை, வேலையோடு ஒட்டியே வருகின்றன. உலக்கை விழுகிற இடைவெளிதான் வள்ளையின் தாளம். இன்று சாமையை மெஷினில் குற்றிக்கொள்கிறார்கள். பாட்டு போயிற்று. பாட்டுக்காக உலக்கையைத் திரும்பப் பிடியம்மா என்று ஒரு பெண்ணிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது. நண்பருக்கு வருமா?

இன்னொன்று. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றது அந்த மாநிலப் போலீஸ். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களிலிருந்து போனவர்கள் அதில் அதிகம். ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். ஆடத் தெரிந்த ஆண்கள் எங்கே போய்விட்டார்கள் என்று கட்டுரையில் ஏக்கத்தோடு கேட்கிற நண்பருக்கு இதுவும் ஒரு பதில். மரம் வெட்ட, காப்பித் தோட்டத்துக்கு, கட்டிட வேலைக்கு. பிணங்கள் வந்து இறங்கிய வீடுகளில் பெண்கள் ஒப்பாரி வைக்காமலா இருந்திருப்பார்கள்? அதை எந்த விழா மேடைக்கும் கூப்பிட மாட்டார்கள். மண்ணின் மணம் என்று நாம் சிலாகிப்பதில் அந்த வாடை சேர்த்தி இல்லை. நா. வானமாமலை 1964இல் தமிழர் நாட்டுப்பாடல்களை வெளியிட்டபோது, பாடுகிறவனின் வயிற்றையும் சேர்த்தே பார்த்தார். அவருடைய மார்க்சியத்தோடு எனக்கு நிறையத் தகராறு உண்டு. இந்த விஷயத்தில் இல்லை.

அப்படியானால் ஒன்றும் செய்ய வேண்டாமா என்பார் நண்பர். செய்யலாம். ராத்திரி முழுக்க உட்கார்ந்து முழுசாகப் பதிவு செய்யலாம். பாடியவர் பெயரை, அவர் சம்மதித்தால், முதலில் போடலாம். கூலி கொடுக்கலாம். நடுவில் அவர்கள் சினிமா மெட்டைச் சேர்த்துக்கொண்டால் அதையும் வெட்டாமல் வைக்கலாம். கெட்ட வார்த்தையையும்தான். பதிவின் ஒரு பிரதி அந்த ஊரிலேயே இருக்க வேண்டும். இதற்கு மாளிகை தேவையில்லை, தூக்கம் விழிக்க ஆள் தேவை. சங்கத்தின் முதல் நோட்டுப் புத்தகத்தை நான் வாங்கித் தருகிறேன். அதில் வரவேற்புக் கமிட்டிப் பெயர்களை எழுதக் கூடாது என்பது மட்டும் என் நிபந்தனை.