பதினாலாயிரம் ரூபாய்ப் பெட்டி

கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் வகுப்புப் பேரனுக்குப் பள்ளியில் 'ரோபோட்டிக்ஸ் கிட்' என்று ஒரு பெட்டியைத் தலையில் கட்டிவிட்டார்கள். விலை 14,000 ரூபாய். எல்லாம் பொம்மை மாதிரி ஒன்றோடொன்று சொருகிக்கொள்ளும். விளக்கு எரிந்தது. "எல்.இ.டி.க்கு ரெசிஸ்டர் எதுக்குடா?" என்றேன். "ரெசிஸ்டர்னா என்ன தாத்தா?" என்றான்.

நான் இன்ஜினியர் இல்லை. ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ படித்து, வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவன். இந்த வித்தையை ஓய்வு பெற்ற பிறகுதான் கற்றேன். ஆனால் பிள்ளை எங்கே தடுக்கி விழுந்தால் கற்கும் என்று எனக்குத் தெரியும்.

குடும்பக் குழுவில் ஒருவர், "ராஸ்பெர்ரி பை 5 வாங்குங்க சித்தப்பா, அதுல எல்லாம் இருக்கு" என்றார். அதுதானப்பா குறை! அது லினக்ஸ் ஓடும் முழுக் கம்ப்யூட்டர். பைதான் படிக்க நல்லதுதான். ஆனால் பிள்ளை எழுதும் புரோகிராமுக்கும் பின்னுக்கும் நடுவே ஓர் இயங்குதளமே உட்கார்ந்திருக்கிறது. அனலாக் உள்ளீடும் கிடையாது. பின்கள் 3.3 வோல்ட், தவறி 5 வோல்ட் கொடுத்தால் போர்டுக்கே ஆபத்து.

நான் ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு ஆர்டுயினோ உனோவின் நகல் போர்டு வாங்கிவந்தேன். அதன் வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்தது, அதனால்தான் இந்த விலை. ரேம் 2 கிலோபைட், பிளாஷ் 32 கிலோபைட். "இவ்வளவுதானா?" என்று பேரன் உதட்டைப் பிதுக்கினான்.

இரண்டாம் நாள், ஒரு நிமிடத்தை மில்லிசெகண்டில் கணக்கிட 60 * 1000 என்று எழுதி அச்சிட்டான். திரையில் -5536 வந்தது! கணக்கு தப்பா, போர்டு கெட்டுவிட்டதா என்று முழித்தான். உனோவில் சாதாரண முழு எண் 16 பிட்; 32,767-க்கு மேல் தாங்காமல் சுற்றி வந்து மைனஸில் நிற்கும். அதைக் கண்டுபிடிக்க அவனுக்கு ஒரு மாலை முழுதும் போனது. நான் வாயைத் திறக்கவில்லை. பெரிய போர்டில் 60,000 என்று சமர்த்தாக வந்திருக்கும், அவனும் எழுந்து விளையாடப் போயிருப்பான்.

வாங்கும்போது சிப் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் வகையாகப் பாருங்கள். சிப் சுட்டுப்போனால் பூட்லோடர் போட்ட புதுச் சிப்பை மட்டும் மாற்றலாம். மிச்சப் பணத்தில் பிரெட்போர்டு, கம்பிகள், கைநிறைய ரெசிஸ்டர், கட்டாயம் ஒரு மல்டிமீட்டர். வைஃபை ஆசை வந்தால் ஆறு மாதம் கழித்து இஎஸ்பி32 வாங்கித் தரலாம், ஓடியா போகும்?

அந்தப் பெட்டியைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம். பேரன் அதிலிருந்து மோட்டாரை மட்டும் கழற்றிக்கொண்டான்.