செக்யூரிட்டி ரூமில் குடித்தனம்!

போன செமஸ்டர் லீவில் இன்-பிளான்ட் டிரெய்னிங்குக்காக கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு ஃபவுண்ட்ரிக்குப் போயிருந்தேன். அங்கே எனக்கு மோல்டிங் வேலை சொல்லிக்கொடுத்த அண்ணனுக்கு டி.பி. மாத்திரையை ரெண்டே மாசத்தில் நிறுத்திட்டாராம். ஏண்ணேன்னு கேட்டா, ''இருமல்தான் நின்னுபோச்சே தம்பி, இன்னும் இன்னாத்துக்கு மாத்திரை?'' என்றார். நியாயமான கேள்விதானே? பதில் தேடிப் படிச்சப்போதான் அந்தக் கிருமியோட கில்லாடித்தனம் புரிஞ்சுது.

நம்ம நுரையீரலில் மேக்ரோஃபேஜ்னு செக்யூரிட்டி செல்கள் இருக்கு. கிருமி வந்தா லபக்னு விழுங்கி ஒரு பைக்குள்ள அடைச்சிடும். பை மேல் 'பிஐ3பி' என்ற கொழுப்பு மூலக்கூறால் ஒரு முத்திரை விழும். 'இதை லைசோசோமோடு சேர்' என்று அர்த்தம். சேர்ந்ததும் அமிலமும் என்ஸைமும் கொட்டும். கிருமி காலி!

டி.பி. கிருமி என்ன பண்ணுது தெரியுமா? 'சாப்-எம்' என்ற என்ஸைமை விட்டு முத்திரையை அழிச்சிடுது. 'பிடிபி-ஏ'னு இன்னொண்ணை அனுப்பி, அமிலம் சுரக்கிற பம்ப் பை பக்கமே வராம பார்த்துக்குது. நம்ம லேப் பாஷையில் சொன்னா, பிரேக்கர் நல்லாத்தான் இருக்கு பாஸ்... ரிலே ஒயரைப் பிடுங்கிட்டான், ட்ரிப் ஆகாது! அப்புறமென்ன, செக்யூரிட்டி ரூமிலேயே குடித்தனம். வருஷக்கணக்கில் பதுங்கியிருந்து, உடம்பு வீக் ஆனதும் வெளியே வரும். ஃபவுண்ட்ரியில் பறக்கிற சிலிக்கா தூசி மேக்ரோஃபேஜ்களையே சிதைக்கும். மூக்கில் கட்டின கர்ச்சீப் அதைத் தடுக்காது.

''நான்தான் பி.சி.ஜி. போட்டிருக்கேனே''ன்னு தோள் தழும்பைக் காட்டாதீங்க. அந்த நம்பிக்கையை உடைச்சதே நம்ம திருவள்ளூர்தான்! அப்போ இது செங்கல்பட்டு மாவட்டம். 1968-ல் இங்கே ஆரம்பிச்ச பி.சி.ஜி. ஆய்வில் 2.5 லட்சத்துக்கும் அதிகமானவங்க கலந்துக்கிட்டாங்க. 15 வருஷம் கவனிச்சதில், பெரியவங்களுக்கு வர்ற நுரையீரல் டி.பி-யை அந்த ஊசி தடுக்கலைன்னு தெரிஞ்சுது. மூளையைத் தாக்கும் டி.பி-யிலிருந்து குழந்தைகளைக் காப்பாத்துவதால் இன்னிக்கும் போடுறாங்க.

ஆக, நம்ம கையில் இருக்கிற ஆயுதம் மாத்திரைதான். முதல் ரெண்டு மாசத்தில் வேகமாப் பெருகும் கிருமிகள் சாகும், இருமல் நிற்கும். பதுங்கின மிச்சத்துக்குத்தான் அடுத்த நாலு மாசம். நடுவில் விட்டா, மருந்துக்கே மசியாத டி.பி-யா திரும்பி வரலாம்.

அண்ணன்கிட்ட இதைச் சொன்னேன். ''லீவு போட்டா சம்பளம் போயிடும் தம்பி'' என்றார். அரசு ஆஸ்பத்திரியில் டெஸ்ட், மாத்திரை எல்லாம் ஃப்ரீ, சத்தான சாப்பாட்டுக்கு 2024 நவம்பரிலிருந்து மாசம் 1,000 ரூபாய் தர்றாங்கன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், ''நீயும் கூட வர்றியா?'' என்றார். போனோம். மறுபடி சளி டெஸ்ட் கொடுத்துட்டு வந்திருக்கார்.

உங்க ரூம்மேட் ரெண்டு வாரத்துக்கு மேல இருமுறானா? கிண்டல் பண்ணாம கூட்டிட்டுப் போங்க. உள்ளே சிக்னலை கட் பண்றது கிருமி. வெளியே நாமளும் கட் பண்ண வேண்டாமே!