கொடுக்கும் கையும் கூடும் கையும்

நாட்டில் அரசியற் புயல் வீசினால் முதலில் கூரை பறப்பது ஏழையின் வீட்டில்தான். அப்போது தரும ஸ்தாபனங்களும் தொண்டர் குழுக்களும் ஓடி வருகின்றன. சோறு வருகிறது, மருந்து வருகிறது. நன்றி சொல்ல வேண்டியதே. ஆயினும், அந்தக் கை எதைத் தரும், எதைத் தராது என்பதைத் தொழிலாளி கணக்குப் பார்த்து வைத்துக்கொள்ளல் வேண்டும்.

நம் பண்டமாரானையே எடுத்துக்கொள்வோம். 1948 ஜூன் மாதம் அவசரகாலம் பிரகடனமாயிற்று. 1950-இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டோரம் குடியிருந்த மக்கள், பெரும்பாலும் சீனர்கள், சுமார் ஐந்து லட்சம் பேர் முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். பண்டமாரானும் அப்படிப்பட்ட ஒரு புதுக்கிராமமே. தோட்டங்களிலும் சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்தில் கூட்டி வேலியடைத்தார்கள். பால்வெட்டப் போகிறவன் சோற்றுப் பொட்டலம் கொண்டு போகிறானா என்று பல இடங்களில் வாசலிலே சோதனை நடந்தது.

அந்த வேலிக்குள் செஞ்சிலுவைச் சங்கத்து நர்சுகளும், செயின்ட் ஜான் அம்புலன்ஸ் ஊழியர்களும், கிறிஸ்தவ மிஷனரிகளும் சென்றார்கள். புண்ணுக்கு மருந்திட்டார்கள், பிள்ளைகளையும் தாய்மாரையும் கவனித்தார்கள். அந்தத் தொண்டு பொய்யல்ல. ஆனால், அவர்கள் உள்ளே போனது சர்க்கார் திறந்துவிட்ட வாசல் வழியாக. புண்ணுக்குக் கட்டுப்போட அனுமதி இருந்தது. வேலி எதற்கு என்று கேட்பது அவர்கள் வேலையாக இருக்கவில்லை.

கேட்கத் துணிந்தவர்களின் கதி என்ன? 1941-இல் இதே கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் கூலி உயர்வும் மரியாதையும் கேட்டு வேலைநிறுத்தம் நடந்தபோது, ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். போருக்குப்பின் கெடாவில் கள்ளுக்கடையை எதிர்த்துத் தோட்டத்து இளைஞர்களே தொண்டர் படை அமைத்தார்கள். பிறர் பணம் இல்லை. பிறர் தயவு இல்லை. அந்தப் படையையும் போலீசைக் கொண்டு அடக்கினார்கள். 1948-இல் அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் பதிவு ரத்தாயிற்று. அதன் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். அவருடைய அரசியலை ஏற்பவரும் உண்டு, ஏற்காதவரும் உண்டு. ஆனால், குழப்பக் காலத்தில் தானம் செய்யும் சங்கத்துக்கு வாசல் திறக்கிறது, நியாயம் கேட்கும் சங்கத்துக்கு அதே வாசல் அடைபடுகிறது என்பதை மறுப்பவர் யார்?

1969-ஐயும் நினைத்துப் பாருங்கள். மே 13 கலவரத்தில் வீடிழந்தவர்களுக்கு மெர்டேகா ஸ்டேடியம் அடைக்கலமாயிற்று. அங்கே சோறும் துணியும் கிடைத்தன. அதையடுத்து, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்னும் விதி இறுகியது. இந்த மண்ணுக்கே வியர்வை சிந்தியவர்கள் ஆயிரமாயிரமாகக் கப்பலேறினர். பசிக்குக் கஞ்சி ஊற்ற ஆளிருந்தது. வேண்டிய காலத்தில் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கத்தான் ஆள் போதவில்லை.

"வீடு எரியும்போது சங்கம் பேசினால் வயிறு நிறையுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நிறையாது. இன்றைய பசிக்கு இன்றே சோறு வேண்டும். அதைத் தருபவன் கையை நாம் தட்டிவிடோம். ஆனால் நாளைக்கு? 1954-இல் பல சங்கங்கள் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. தோட்டத் துண்டாடலைக் கண்டு, 1960-இல் துன் சம்பந்தனார் முயற்சியில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. தொழிலாளி சிறுகச் சிறுகச் சேர்த்த வெள்ளியே தோட்டம் வாங்கியது. அது தானமன்று, நம் பங்கு!

தோழர்களே! புயல் சொல்லிக்கொண்டு வருவதில்லை. செக்ரோல் எழுதும் மேசைக்கு முன்னால், பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லையே என்று கண்கலங்கி நிற்கும் தாயை இன்றும் காண்கிறோம். எனவே ஒவ்வொரு கிளையும் மூன்று காரியங்களைச் செய்யட்டும். பிறப்புப் பத்திரமும் அடையாளக் கார்டும் இல்லாதவர் யார் யார் என்று லயம் லயமாகக் கணக்கெடுங்கள். ஆபத்து நிதிக்கென மாதம் ஒரு சிறு தொகை ஒதுக்கி, அதன் வரவுசெலவைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரரோடும் சீனரோடும் இப்போதே பழகி வையுங்கள்; கலவர இரவில் கதவு திறப்பவர் அவர்களே.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். சட்டி நம்முடையதாக இருக்கட்டும்!