மாறுகண்ணும் யந்திர ஜோசியமும்

நமது கூட்டங்களில் இப்போது புதிதாக ஒரு கேள்வி கிளம்பியிருக்கின்றது. "ஜோசியம் புரட்டு என்று ஊர் ஊராய்ப் போய்ச் சொல்லுகிறீர்களே, மாறுகண் ஆப்ரேஷன் செய்தால் கண் நேராகுமா ஆகாதா என்று கம்ப்யூட்டர் முன்கூட்டியே சொல்லுகிறதாமே, அதை மாத்திரம் விஞ்ஞானம் என்று எப்படி ஒப்புக்கொள்ளுகிறீர்கள்? அதுவும் யந்திரம் பார்க்கும் ஜோசியந்தானே?" என்பது அக்கேள்வி. கேட்டவர் நம் வாயை அடைத்துவிட்டதாய் எண்ணிப் பக்கத்திலிருப்பவரைப் பார்த்துச் சிரிக்கின்றார். கெட்டிக்காரத்தனமான கேள்விதான். ஆதலால் சற்று விவரமாகவே பதில் சொல்ல ஆசைப்படுகின்றோம்.

மாறுகண் என்பது என்ன? ஒவ்வொரு கண்விழியையும் ஆறு தசைகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பன்னிரண்டும் மூளையின் உத்தரவுப்படி ஒன்றுபோல் இழுத்தால் பார்வை ஓரிடத்தில் சேரும். இழுப்புப் பிசகினால் ஒரு கண் உள்ளேயோ வெளியேயோ மேலேயோ ஒதுங்கும். குழந்தையின் மூளை ஒரு பொருளை இரண்டாய்ப் பார்க்கப் பிரியப்படாமல், ஒதுங்கிய கண் அனுப்பும் செய்தியைத் தள்ளிவிடுகின்றது. தள்ளத் தள்ள அந்தக் கண் பார்க்கும் பழக்கத்தையே இழக்கின்றது. வயது ஏற ஏற அதை மீட்பது கஷ்டம். இந்தச் சங்கடத்துக்குத்தான் நம்மவர்கள் "மாறுகண் அதிர்ஷ்டம்" என்று பெயர் வைத்தார்கள்! அந்த அதிர்ஷ்டமும் ஆண் பிள்ளைக்குத்தான். அதே கண் பெண்ணுக்கிருந்தால் கலியாணத் தரகன் வந்து உட்கார்ந்தவுடன் தோஷமாகிவிடுகின்றது.

நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மூன்று வயதில் கண் ஒதுங்கிய பெண்ணை ஜோசியர் சொல்லுக்கு இணங்கிச் சும்மா விட்டுவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் முகத்தைச் சுளித்த பிறகு, இருபதாவது வயதில் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கண் நேராயிற்று. பார்வை திரும்பவில்லை. அந்த ஜோசியரிடம் போய் எவரும் நியாயம் கேட்கவில்லை. அவரும் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

இந்த விஷயத்தில் புரட்டு நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமல்ல. 18-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் டெய்லர் என்று ஒரு கண் வைத்தியர் இருந்தார். இரண்டாம் ஜார்ஜ் மன்னருக்கே கண் வைத்தியர் என்ற பட்டமும் அவருக்கு இருந்தது. மாறுகண்காரரின் கண்ணில் சிறிது கீறிவிட்டு, நல்ல கண்ணைத் துணியால் மூடிவிடுவாராம். நல்ல கண்ணை மூடினால் கோணல் கண் பார்ப்பதற்காகத் தானே நேராய்த் திரும்பும். வேண்டுமானால் எவரும் தம் வீட்டில் மூடிப் பார்க்கலாம். கூட்டம் அற்புதம் அற்புதமென்று கூவும். கட்டு அவிழ்ப்பதற்குள் டெய்லர் ஊரைவிட்டுப் போய்விடுவார். சங்கீத மேதை பாக்கின் கண்ணிலும் 1750-ல் கைவைத்தவர் இவரே. பாக் அதே வருஷம் இறந்தார்.

உண்மையான ஆப்ரேஷனை 1839-ல் பெர்லின் நகரில் டீபன்பாக் என்பவர் ஏழு வயதுப் பையனுக்குச் செய்தார். அக்காலத்தில் தசையை அறுத்துவிட்டதோடு சரி. பலருக்குக் கண் பிற்பாடு எதிர்ப்பக்கம் ஓடிற்று. அந்தத் தோல்விகளை மறைக்காமல் எழுதி வைத்ததனால்தான், இவ்வளவு கோணலுக்கு இவ்வளவு மில்லிமீட்டர் என்று பின்னால் அட்டவணை போட முடிந்தது. கண் உட்பக்கம் 30 பிரிஸம் டயாப்டர் ஒதுங்கினால் இரண்டு கண்ணின் உள்தசையையும் நாலரை மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளித் தைப்பது, 50 என்றால் ஆறு மில்லிமீட்டர் என்று இப்படிப் போகும். ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு சென்டிமீட்டர் விலகல் ஒரு டயாப்டர். பத்துக்குள் வந்தால் அனேகமாக வெற்றி என்று கணக்கு.

ஆனால் ஒரே அட்டவணைப்படி ஒரே கை தைத்தும் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே பலன் கிடைப்பதில்லை. தசையின் பலம், ஆறும் தழும்பு, மூளை இரண்டு பார்வையையும் சேர்த்துக்கொள்ளும் சக்தி எல்லாம் ஆளுக்கு ஆள் வித்தியாசம். சிலருக்கு இரண்டாவது ஆப்ரேஷனும் வேண்டியிருக்கின்றது. இந்த வித்தியாசத்தைத்தான் யந்திரத்தைக் கொண்டு கணக்குப் பார்க்கின்றார்கள். முன்பு ஆப்ரேஷன் செய்துகொண்டவர்களின் வயதென்ன, கோணல் எவ்வளவு, கண்ணாடியின் பவர் என்ன, எந்தத் தசை எவ்வளவு நகர்த்தப்பட்டது, முடிவு என்னவாயிற்று என்பதையெல்லாம் யந்திரத்துக்குக் கொடுத்து, எது எதோடு சேர்ந்து வருகிறதென்று கண்டுபிடிக்கச் சொல்லுகின்றார்கள். பிறகு அதற்குக் காட்டாமல் ஒளித்து வைத்திருந்த நோயாளிகளைப் பற்றிக் கேட்டு, சொன்னதில் எத்தனை சரி, எத்தனை தப்பு என்று எண்ணுகின்றார்கள். தப்பையும் அச்சுப் போடுகின்றார்கள்.

"நூற்றுக்கு எழுபது என்று சொல்லி வைத்தால், ஆனாலும் சரி ஆகாவிட்டாலும் சரி என்று தப்பித்துக்கொள்ளலாமே?" என்று கேட்கலாம். ஒரு பிள்ளையை மாத்திரம் பார்த்தால் தப்பிக்கலாம்தான். ஆனால் எழுபது என்று சொல்லப்பட்ட பிள்ளைகளையெல்லாம் ஒன்றுசேர்த்து எண்ணும்போது, நூற்றுக்கு நாற்பது பேருக்குத்தான் கண் நேராயிருந்தால் யந்திரத்தின் குட்டு வெளியாகிவிடும். ஜோசியர் தம் ஜாதகங்களை இப்படி எண்ணக் கொடுத்ததுண்டா?

நிற்க, யந்திரம் சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று நாம் சொல்ல வரவில்லை. ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் இடும் நாட்டில் அப்படிச் சொல்வதும் ஆபத்து. இந்த மாறுகண் கணக்குகள் பெரும்பாலும் ஓர் ஆஸ்பத்திரியின் சில நூறு நோயாளிகளைக் கொண்டு போடப்பட்டவை. மற்றோர் ஊரில், மற்றொரு டாக்டர் கையில் அதே கணக்கு செல்லுமா என்பதை அங்கே சோதித்த பிறகே சொல்ல முடியும். ஆறு மாதத்தில் நேராயிருந்த கண் சில வருஷங்களில் மறுபடியும் ஒதுங்குவதுண்டு. பஸ்ஸுக்குப் பணமில்லாமல் திரும்பி வராத ஏழைப் பிள்ளையைக் கணக்கிலிருந்து தள்ளிவிட்டு, வந்தவர்களை மாத்திரம் எண்ணினால் அது யாருக்கு வெற்றி என்று கேட்கின்றோம்.

நீரிழிவுக்காரர்களின் கண் படத்தைப் பார்த்து நோய் சொல்லும் கூகுள் யந்திரத்தின் கதையே இதற்குச் சாட்சி. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா ஆஸ்பத்திரிகளின் உதவியோடு செய்த அந்த ஆராய்ச்சி 2016-ல் வெளிவந்தபோது உலகமே மெச்சிற்று. அதைத் தாய்லாந்தின் சிறு ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோனபோது, அறையில் வெளிச்சம் சரியில்லாமல் எடுத்த படங்களில் ஐந்திலொரு பங்குக்கு மேல் யந்திரம் பார்க்கவே மறுத்துவிட்டது. அந்தக் கும்பனியின் ஆட்களே 2020-ல் இதை எழுதி வெளியிட்டார்கள். எந்த மடாதிபதியாவது தம் ஸ்தல விபூதி எத்தனை பேருக்குப் பலிக்கவில்லை என்று பிரசுரம் செய்ததுண்டா?

ஆகவே, பிள்ளையின் தகப்பனார் ஆஸ்பத்திரியில் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். இந்தக் கணக்கு எத்தனை பேரைக் கொண்டு போட்டது? எங்களைப்போன்ற பிள்ளைகள் அதில் உண்டா? வெற்றி என்று எத்தனை மாதம் கழித்துச் சொல்லுகிறீர்கள்? கண்ணாடியிலேயே சரியாகிற கோணலா இது? என்றெல்லாம் கேட்கட்டும். பதில் சொல்ல முடியாதவர் யந்திரம் வைத்திருந்தாலும் ஓலைச்சுவடி வைத்திருந்தாலும் நமக்கு ஒன்றுதான்.

கேள்வி கேட்ட தோழருக்கும் ஒரு வார்த்தை. மாறுகண் பிள்ளைகள் நூறு பேருடைய ஜாதகத்தை உமது ஜோசியரிடம் கொடுத்து, யாருக்குக் கண் நேராகும், யாருக்கு ஆகாது என்று தேதி போட்டு எழுதி வாங்கி, உறையில் வைத்து ஒட்டி நமக்கு அனுப்பட்டும். ஆப்ரேஷன் முடிந்து ஒரு வருஷம் கழித்துப் பொதுக்கூட்டத்தில் பிரித்துப் படித்து, சரியானதையும் தப்பானதையும் இப்பத்திரிகையிலேயே அச்சுப் போடுகின்றோம். தபால் செலவு நம்முடையது.