எருமைன்னா முதல்ல எருமைதான்

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே முடியலை. இன்னைக்கும் வந்திருக்க மாட்டேன். ஆனா லீவுல ஊருக்குப் போனப்ப நடந்த ஒரு விஷயம் தொண்டையில மாட்டின மீன்முள்ளு மாதிரி உறுத்திக்கிட்டே இருக்கு. கொட்டிட்டுப் போயிடறேன். கும்மியடிக்கிறவங்க முழுசாப் படிச்சிட்டு அடிங்க.

நண்பன் ஒருத்தனைக் கூட்டிக்கிட்டு திருப்புடைமருதூர் போயிருந்தேன். தாமிரபரணியோட கடனாநதி வந்து சேருற இடம். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள்ள ஏறினா நிலைக்கு நிலை சுவரெல்லாம் நாயக்கர் காலத்து ஓவியம், தூணெல்லாம் மரச்சிற்பம். அதுல ஒரு கப்பல் இருக்கு. கப்பல்ல குதிரைகள், கூடவே அரபு வியாபாரிகள். நான் வாயைப் பொளந்து பார்த்துக்கிட்டு நிக்கேன். நம்மாளு மூணே செகண்டுல தீர்ப்பு சொல்லிட்டான்.

"மாப்ள, கப்பல்னா பிறவிக்கடலைத் தாண்டுறது. குதிரைன்னா புலன்கள். அவ்ளோதான். வா, அடுத்த நிலைக்குப் போவோம்."

வந்தது பாருங்க ஒரு எரிச்சல்!

ஏல, அது நிஜக் கப்பல்டே! இதே ஆறு கடல்ல சேருற இடத்துலதான் காயல் துறைமுகம் இருந்துச்சு. பாண்டியனுக்குக் கப்பல் கப்பலா குதிரை வந்து இறங்கின ஊர். 13ஆம் நூற்றாண்டு கடைசியில வந்த மார்க்கோ போலோ இதை எழுதி வச்சிருக்கார். இங்கே குதிரையைப் பராமரிக்கத் தெரியாம சாகவிட்டுட்டு, வருஷா வருஷம் திரும்பக் காசைக் கொட்டி வாங்குறாங்கன்னு நக்கல் வேற. குதிரை இல்லைன்னா படை இல்லை, படை இல்லைன்னா ராஜா இல்லை. கடல் தாண்டி வந்த அந்தப் பலத்தை சாமி வாசலுக்கு மேல தீட்டி வச்சிருக்கான் ஒருத்தன். இதுல அர்த்தம் இல்லையா? எக்கச்சக்கமா இருக்கு. ஆனா கப்பலைக் கப்பலாப் பார்த்தவனுக்குத்தான் அது கிடைக்கும்.

என் சண்டை இந்த "இதுன்னா அது" கோஷ்டியோடதான். நம்ம பாஷையில சொன்னா, இவங்க மண்டைக்குள்ள ஒரு லுக்கப் டேபிள் ஓடுது. தாமரையா? ஞானம். பாம்பா? காமம். கல்லா? பெண்ணடிமை. கீ-யைக் கொடுத்தா வேல்யூ வந்துடும், எடுத்துக்கிட்டு நடையைக் கட்டலாம். படத்தையோ கதையையோ திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

நடராஜர் இவங்ககிட்ட படுற பாடு கொஞ்சமில்லை. ஆனந்த குமாரசாமி 1918ல புத்தகமா வந்த சிவ நடனக் கட்டுரையில, உடுக்கை படைப்பு, நெருப்பு அழிப்புன்னு சொன்னது சைவ நூல்களை ஆதாரமா வச்சு. 1975ல காப்ரா அதை இயற்பியலோட முடிச்சுப் போட்டார். 2004ல ஜெனிவா பக்கத்துல செர்ன் வளாகத்துல இந்திய அரசு கொடுத்த சிலையை நிறுத்தினாங்க. அப்புறம் என்ன? உடுக்கைன்னா பிக் பேங்னு வாட்ஸப் ஃபார்வர்ட். அனுப்பினவங்களை ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நெல்லையப்பர் கோயில் தாமிர சபை உங்களுக்குப் பக்கம்தானே? எத்தனை நாள் அங்கே ஒரு அஞ்சு நிமிஷம் நின்னிருக்கீங்க?

நம்மூர்ல வளர்ந்த புதுமைப்பித்தன் இதை அப்பவே கதையா எழுதிட்டார், 'சிற்பியின் நரகம்'. பூம்புகார் சிற்பி சாத்தன் ஆயுசைக் கரைச்சு ஒரு நடராஜர் செய்யறான். சிலை கோயிலுக்குள்ள போகுது. கனவுல பார்த்தா, வர்றவன் போறவனெல்லாம் மோட்சம் கேக்கான், ஒருத்தனும் தலையைத் தூக்கிச் சிலையைப் பார்க்கலை. அதுதான் சிற்பிக்கு நரகம். நம்ம கோஷ்டி மோட்சத்துக்குப் பதிலா 'அர்த்தம்' கேக்குது. வேற வித்தியாசம் ஒண்ணுமில்லை.

உண்மையைச் சொல்லிடறேன். காலேஜ் படிக்கும்போது இந்தக் கதையையே "சிலை = கலை, பக்தர்கள் = சமூகம்"னு ரெண்டு வரியில கட்டுடைச்சு கைதட்டு வாங்கினவன் நான். அந்த வெக்கம்தான் இந்தப் பதிவு.

"சும்மா பார்த்து ரசிச்சாப் போதும், அர்த்தம் எதுக்கு?"ன்னு இன்னொரு கோஷ்டி வரும். அதுவும் சோம்பேறித்தனம்தான். தொல்காப்பியம் உள்ளுறைன்னு தனியா ஒரு சமாச்சாரமே வச்சிருக்கு. அது பிறக்கிறது அந்தந்த நிலத்தோட மரம், விலங்கு, பறவையிலிருந்து. தெய்வத்தை மட்டும் அதுல சேர்க்கலை! அகநானூறு 46ஐ எடுத்துக்கோங்க. ராத்திரி எருமை கயித்தை அறுத்துக்கிட்டு, முள்வேலியைக் கொம்பால தள்ளிட்டுக் குளத்துல இறங்குது. மீனெல்லாம் சிதறி ஓட, வள்ளைக் கொடியை மிதிச்சுக்கிட்டுத் தாமரையைத் தின்னுது. சொல்றது தோழி. கேக்கிறது பரத்தை வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வாசல்ல நிக்கிற தலைவன். "எருமை = தலைவன்"னு முடிச்சிட்டா அறுந்த கயிறு எங்கே போச்சு? மிதிபட்ட கொடி யாரு? யார், யார்கிட்ட, எந்த வாசல்ல நின்னு சொல்றாங்கங்கிறதுலதான் அர்த்தமே இருக்கு. வயல்ல எருமை மேயுறதைப் பார்த்தவனுக்கு அது இன்னும் நல்லா உறைக்கும்.

இதெல்லாம் வெறும் இலக்கிய ஜல்லி இல்லைங்க. எங்க ஊருக்குப் பக்கத்துல ஒரு கோயில், பேர் வேண்டாம். சின்ன வயசுல ஆச்சி என்னை இடுப்புல தூக்கி வச்சு மண்டபச் சுவர்ல ஒரு யானையைக் காட்டுவா. அர்த்தமெல்லாம் சொன்னதில்லை. "அதோட கண்ணைப் பாருலே"ம்பா. கும்பாபிஷேகத்துக்கு அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிச்சிட்டாங்க. கேட்டா, "பழைய படம்தானே தம்பி, கதைதான் எல்லாருக்கும் தெரியுமே"ங்காங்க.

பார்த்தீங்களா? அர்த்தம் தனி, படம் தனின்னு பிரிச்சாச்சுன்னா, அர்த்தத்தை மனப்பாடம் பண்ணினவனுக்குச் சுவர் தேவையில்லை. சுண்ணாம்பு வாளியைத் தூக்கினவனும் என் நண்பனும் ஒரே கட்சி. நானும் கொஞ்ச நாள் அதே கட்சியில இருந்தவன்தான்.

அடுத்த தடவை ஒரு படத்து முன்னாடி நின்னா, "இதுக்கு என்ன அர்த்தம்"னு கேக்குறதுக்கு முன்னாடி, "இதுல என்னென்ன இருக்கு"ன்னு எண்ணிப் பாருங்க மக்கா. அர்த்தம் எங்கேயும் ஓடிறாது. சுவர்தான் போயிரும்.

பி.கு.: நண்பன் இதைப் படிப்பான். மாப்ள, கோவிச்சுக்காத. அடுத்த லீவுக்கு மறுபடியும் போவோம். அந்தக் கப்பல்ல எத்தனை குதிரைன்னு எண்ணிச் சொல்லு, இருட்டுக்கடை அல்வா என் செலவு. :-)