பழைய எலும்பைப் படிக்க ஒரு படிப்பு

தளியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மகள் பி.எஸ்சி. பயோடெக்னாலஜி கடைசி வருஷம். ஓசூரில் கம்பெனி வேலை கிடைக்கும்போல இருக்கிறது. அவளோ, பழைய எலும்பில் டிஎன்ஏ எடுக்கிற ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள். இப்படி ஒரு படிப்பு உண்டா? சோறு போடுமா?"

உண்டு அம்மா. சோற்றுக் கணக்கைக் கடைசியில் பார்ப்போம். முதலில் வேலை என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள்.

உயிர் போனதும் உடம்பிலுள்ள டிஎன்ஏ நொறுங்க ஆரம்பித்துவிடும். பனிப் பிரதேசத்தில் பல ஆயிரம் வருஷம் தாங்கும். நம் ஊர் வெயிலிலும் மழையிலும் சீக்கிரம் அழியும். ஹரியானாவில் ராக்கிகடி என்ற சிந்துவெளி நகரத்தின் இடுகாட்டில் 60-க்கும் மேற்பட்ட எலும்பு மாதிரிகளைச் சோதித்தார்கள். பயன்படும் அளவுக்கு டிஎன்ஏ கொடுத்தது ஒரே ஒரு பெண்ணின் எலும்பு. 2019-ல் வெளியான அந்த ஆய்வு உலகமெங்கும் பேசப்பட்டது.

இன்னொரு சங்கடம், நாமேதான். ஆராய்ச்சி செய்பவரின் ஒரு தும்மல், ஒரு முடி போதும். 2,000 வருஷப் பழைய டிஎன்ஏவை நேற்றைய டிஎன்ஏ மூழ்கடித்துவிடும். இந்தத் துறைக்காக 2022-ல் நோபல் பரிசு வாங்கிய ஸ்வாந்தே பேபோ, 1985-ல் எகிப்து மம்மியிலிருந்து டிஎன்ஏ எடுத்ததாக வெளியிட்டார். அது பிற்கால மனிதர்களின் கலப்பாக இருக்கலாம் என்று பின்னால் தெரிந்தது. மேதைக்கே அந்தக் கதி.

அதனால்தான் இங்கே முதல் பாடம் சுத்தம். உடம்பு முழுக்க மூடிய உடை, இரட்டைக் கையுறை, முகக்கவசம். ஓசூர்ப் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்குப் போகும் பெண்களைக் கேளுங்கள், இந்த வேஷம் புரியும். அங்கே தூசி பொருளைக் கெடுக்கும், இங்கே ஆள் வரலாற்றைக் கெடுப்பார்.

இரண்டாவது பாடம் நேர்மை. எலும்புத்தூள் போட்ட குழாய்களோடு, எதுவும் போடாத ஒரு குழாயையும் சேர்த்து ஓட்ட வேண்டும். அதில் டிஎன்ஏ வந்தால், எங்கோ கலப்படம். மாதக்கணக்கான உழைப்பு என்றாலும் ஒதுக்கிவைக்க மனசு வர வேண்டும்.

மூன்றாவது, பொறுமை. காதுக்கு உட்பக்கம் இருக்கும் கெட்டியான எலும்பிலும் பல்லிலும்தான் டிஎன்ஏ தங்க வாய்ப்பு அதிகம். ஆனால் துளைத்துப் பொடியாக்கிய பல் திரும்ப வராது. கை பழகாதவரிடம் அதைக் கொடுக்க முடியுமா?

டிஎன்ஏ அழிந்த இடத்திலும் சில சமயம் புரதம் மிஞ்சும். வெள்ளாட்டு எலும்புத் துண்டையும் செம்மறி எலும்புத் துண்டையும் கண்ணால் பிரிப்பது நிபுணருக்கே கஷ்டம். எலும்பிலுள்ள கொலாஜன் என்ற புரதம் அதைச் சொல்லிவிடும். பல் எனாமலில் உள்ள புரதம், இறந்தவர் ஆணா பெண்ணா என்று காட்டும். வெயில் பூமியான நமக்கு இந்த வழி ரொம்ப முக்கியம்.

எங்கே கற்கலாம்? மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் மரபியல் துறை, கீழடியை ஒட்டிய கொந்தகையில் தாழிகளில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்துவருகிறது. ஐதராபாத்தில் சிசிஎம்பி, லக்னோவில் பீர்பால் சாஹ்னி நிறுவனம் இருக்கின்றன.

இப்போது சோறு. எம்.எஸ்சி. முடித்து சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் ஜேஆர்எஃப் தகுதி பெற்றால், பிஎச்.டி.யின் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. பிறகு 42,000. ஆனால் பிஎச்.டி. முடிய ஐந்தாறு வருஷம் ஆகலாம், அதன்பின் இந்தத் துறைக்கென்றே இருக்கும் வேலைகள் குறைவு. இதை மறைக்கக் கூடாது. கற்ற கை வீணாகாது என்பதும் உண்மை. இதே டிஎன்ஏ வேலை மருத்துவப் பரிசோதனைக் கூடத்திலும், தடய அறிவியலிலும் தேவைப்படுகிறது. எம்.எஸ்சி. வரைக்கும் படிக்கவிடுங்கள். அதற்குள் இது ஆசையா, ஆர்வமா என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

உங்கள் மாவட்டத்துக்கு இப்படிப்பட்ட பிள்ளைகள் தேவை என்பதையும் சொல்ல வேண்டும். மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவித்தார்கள். மல்லச்சந்திரத்தில் கற்பலகைகளால் கட்டிய ஈமச்சின்னங்கள் இன்றும் நிற்கின்றன. அந்த இரும்பை உருக்கியவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள், யாருக்கு உறவு? இரும்பு சொல்லாது. எலும்பு மிஞ்சியிருந்தால் சொல்லலாம். ஆனால் கல்குவாரிக்கும் மனைப்பிரிவுக்கும் ஜேசிபி தினமும் தோண்டிக்கொண்டிருக்கிறது.

தோட்டத்திலோ அஸ்திவாரக் குழியிலோ தாழி, எலும்பு, கற்பலகை அறை எது தென்பட்டாலும் தோண்டுவதை நிறுத்துங்கள். கழுவாதீர்கள், வெறுங்கையால் தொடாதீர்கள். இருந்த இடத்திலேயே போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலோ சொல்லுங்கள். உங்கள் மகள் படித்து வரும்போது, அவள் படிக்க எலும்பு மிச்சம் இருக்க வேண்டும் அல்லவா?